மழை வந்தால் அப்பாவுக்கு ஏன் கோபம் வருகிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். மறுநாளுக்கு வானிலை மையம் 'ரெட் அலர்ட்' கொடுத்திருக்கும். தூறல்கூட ஆரம்பித்திருக்காது. அதற்குள் வீட்டில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

"அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கீழ போடாதன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று அப்பா மகன்மேல் பாய்வார். "இப்ப எதுக்கு அவன் மேல எரிஞ்சு விழறீங்க?" என்று அம்மா குறுக்கே வந்தால் அடுத்த திட்டு அவருக்கு. இத்தனைக்கும் செய்ய வேண்டிய வேலை எல்லாம் முடிந்திருக்கும். ஃப்ரிட்ஜ் செங்கல்மேல் ஏறியாயிற்று. வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் கவருக்குள் போயாயிற்று. பைக் தெருக்கோடி மேட்டில் நிற்கிறது. பிறகு ஏன் இந்தக் கோபம்?

அவரைக் கேட்டால் "யாருக்கும் பொறுப்பே இல்லை" என்பார். அவருடைய உடம்பைக் கேட்க முடிந்தால் வேறு பதில் வரும். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து வந்த அடையாறு கரை தாண்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கி, ஜனங்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தென்சென்னைப் புறநகரை மறுபடி தண்ணீரில் நிறுத்தியது. அதனால்தான் இங்கே ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துகிறார்கள். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள்.

ஆக, உள்ளே இருப்பது பயம். வெளியே வருவது கோபம். ஒன்று எப்படி இன்னொன்றாகிறது? நூறு ஆண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் அலசப்பட்ட கேள்வி இது.

ஒரு மோட்டார், இரண்டு குழாய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் பூனைகளின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூனை கலவரமடைந்தால் அதன் வயிற்றின் அசைவு நின்றுவிடுவதை எக்ஸ்ரே திரையில் கண்டார். காரணம் தேடி, 1911-இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். குடல் தசையின் சிறு துண்டைத் தகுந்த திரவத்தில் வைத்தால் அது தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அமைதியாக இருக்கும் பூனையின் ரத்தத்தை அதில் விட்டார்கள், துடிப்பு தொடர்ந்தது. பிறகு அதே பூனையின் முன்னால் நாயைக் குரைக்கவிட்டு, அப்போது எடுத்த ரத்தத்தை விட்டார்கள், துடிப்பு அடங்கிப்போனது. அட்ரினலின் கலந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பயந்த உடம்பு தன் ரத்தத்தில் எதையோ கலந்துவிடுகிறது என்பதைக் கண்ணால் காணக்கூடிய வகையில் காட்டிய சோதனை அது.

1915-இல் வெளிவந்த தன் நூலில் கேனன் பயத்தையும் சினத்தையும் ஒன்றாக வைத்தே பேசினார். இரண்டிலும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைக்கு ரத்தம் கூடுகிறது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, செரிமானம் தள்ளிவைக்கப்படுகிறது. ஓடுவதானாலும் சரி, எதிர்த்து நிற்பதானாலும் சரி, உடம்புக்குத் தேவைப்படும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் வீட்டுச் சம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மோட்டார், மாடியில் இரண்டு தொட்டிகள், நடுவில் ஒரு கேட் வால்வு. தண்ணீர் எந்தத் தொட்டிக்குப் போகும் என்பதை வால்வு முடிவு செய்கிறது. மோட்டாருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆபத்தைக் கண்டதும் உடம்பில் எழும் விழிப்பு நிலையை 'உடல் எழுச்சி' என்று அழைப்போம். அதுதான் மோட்டார். பயம் ஒரு தொட்டி, கோபம் இன்னொன்று.

அப்படியானால் இரண்டும் ஒன்றேதானா? ஆல்பர்ட் ஆக்ஸ் என்ற ஆய்வாளர் 1953-இல் இதைச் சோதித்தார். 43 பேரை ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, உடம்பில் உணர்கருவிகளைப் பொருத்தினார். ஒரு கட்டத்தில் கருவியில் தீப்பொறி பறந்தது, "ஐயோ, மின்கசிவு!" என்று ஆய்வாளரே பதறுவதுபோல் நடித்தார். இன்னொரு கட்டத்தில் கருவியை இயக்குபவர் வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பேசிச் சீண்டினார். இரண்டு நேரத்திலும் உடம்பு பொங்கியது. நுணுகிப் பார்த்தபோது வித்தியாசங்கள் தெரிந்தன. பயத்தில் மூச்சு அதிகம் விரைந்தது. கோபத்தில் ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு அதிகம் ஏறியது. ஆகவே இரண்டு தொட்டிகள் உண்டு என்பதும் உண்மை. அவற்றுக்கான மோட்டார் பெருமளவு பொது என்பதும் உண்மை.

மூளைக்குள்ளும் இவை நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்கள். 1930-களின் இறுதியில் சிகாகோவில் ஹைன்ரிக் குளூவரும் பால் பியூசியும் குரங்குகளின் பொட்டுமடல்களை இருபுறமும் அகற்றியபோது, அதுவரை முரட்டுத்தனமாக இருந்தவை சாதுவாயின. பாம்பைப் பார்த்தும் அஞ்சவில்லை. பயம், கோபம் இரண்டும் ஒன்றாகவே விடைபெற்றிருந்தன. பின்வந்த ஆய்வுகள், அந்த மடலுக்குள் வாதுமைக்கொட்டை வடிவில் இருக்கும் அமிக்டலாவுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று காட்டின. சூரிக் நகரில் வால்டர் ஹெஸ், பூனையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் மெல்லிய மின்கம்பியால் தூண்டினார். எதிரில் நாயே இல்லாதபோதும் பூனை முதுகை வளைத்துச் சீறியது. இந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிக்டலாவைப் 'பய மையம்' என்று சுருக்கிவிடக் கூடாது. அரிய நோயால் இருபுறமும் அமிக்டலா சிதைந்த மூவருக்கு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். அவர்களும் மிரண்டு போனார்கள். பயத்துக்கு மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு.

வால்வைத் திருப்புவது எது?

இதற்கு எலிகள் நல்ல பதில் தந்தன. ஹவாயில் ராபர்ட் பிளாஞ்சர்டும் கரோலின் பிளாஞ்சர்டும் காட்டெலிகளை நோக்கி மெதுவாக நடந்து, அவை என்ன செய்கின்றன என்று குறித்தார்கள். ஆள் தூரத்தில் இருக்கும்போது, தப்பிக்க வழி இருந்தால் எலி ஓடியது. வழி இல்லை என்றால் அசையாமல் உறைந்தது. ஆள் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கியதும் அதே எலி கத்திக்கொண்டு மேலே பாய்ந்தது. எலியும் அதேதான், ஆளும் அதேதான். தூரமும் தப்பிக்கும் வழியும் மாறியதால் ஓட்டம் தாக்குதலாக மாறியது.

மனித மூளையில் இதை நேரில் பார்க்க லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டீன் மாப்ஸ் குழுவினர் ஒரு கணினி விளையாட்டு செய்தார்கள். திரையில் ஒரு வேட்டை உருவம் துரத்தும். பிடித்துவிட்டால் கையில் மின்னதிர்ச்சி. 2007-இல் வெளியான முடிவு இது: உருவம் தொலைவில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னால், திட்டமிடும் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அது நெருங்க நெருங்கச் செயல்பாடு நடுமூளையின் சாம்பல்நிறப் பகுதிக்கு நகர்ந்தது. உறைதல், ஓடுதல், பாய்தல் என்ற பழைய தற்காப்புகள் குடியிருக்கும் இடம் அது.

இப்போது முடிச்சூர் அப்பாவிடம் திரும்புவோம். வெள்ளம் வீட்டை நெருங்குகிறது. அவரால் ஓட முடியாது. கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. மழையை அடிக்கவும் முடியாது. தப்பிக்கும் வழி அடைபட்ட பயம் கோபத்தின் பக்கம் திரும்புகிறது.

அந்தக் கோபம் ஏன் மகன்மேல் விழ வேண்டும்? 1962-இல் ரோஜர் உல்ரிச், நேதன் அஸ்ரின் இருவரும் ஒரு கூண்டில் இரண்டு எலிகளை விட்டு, தரைக் கம்பிகள் வழியே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தாக்கின. அதிர்ச்சி தந்தது கம்பி. அடி வாங்கியது பக்கத்தில் நின்ற எலி. லியனர்ட் பெர்கோவிட்ஸ் என்ற உளவியலாளர் பின்னர் இதை மனிதர்களுக்கும் விரித்துச் சொன்னார்: வலி, புழுக்கம், கவலை என எந்த வேதனையும் விலகி ஓடும் உந்துதலையும் தாக்கும் உந்துதலையும் சேர்த்தே கிளப்பிவிடுகிறது. சூழ்நிலையைப் பொறுத்து ஒன்று மேலோங்குகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் குடும்பத்தார் என்பதால் அவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடும். டால்ஃப் சில்மன் 1970-களின் தொடக்கத்தில் இதை நிறுவினார். முதலில் சோதனைக்கு வந்தவர்களை ஒருவர் சீண்டினார். பிறகு சிலரை நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், சிலருக்கு உடம்பு வருத்தாத வேலை கொடுத்தார்கள். சீண்டியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது, சைக்கிள் மிதித்தவர்கள் கூடுதல் வலுவான அதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். உடற்பயிற்சியால் வந்த எழுச்சி கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. இதை 'எழுச்சிக் கடத்தல்' என்று சொல்லலாம். காலையில் வானிலைச் செய்தி கேட்டுப் படபடத்த நெஞ்சு, மாலையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்க்கும்போது அதன்மேல் குற்றம் சாட்டுகிறது.

வருமா, வராதா?

வெள்ளம் வந்த பிறகு பலர் நிதானமாகிவிடுகிறார்கள் என்பதைப் புறநகர்க்காரர்கள் அறிவார்கள். கயிறு கட்டுவார்கள், பால் பாக்கெட் விநியோகிப்பார்கள், முதியவர்களைத் தூக்கிச் செல்வார்கள். ஆட்டிப்படைப்பது அதற்கு முந்தைய இரவு.

2016-இல் லண்டன் ஆய்வாளர்கள் 45 பேரிடம் இதை அளந்தார்கள். திரையில் பாறைகள் தோன்றும்; ஒவ்வொன்றின் அடியிலும் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. வியர்வையும் கண்மணி விரிவும் அளக்கப்பட்டன. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோது மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. கெட்டது நடக்கும் என்ற உறுதியைக் காட்டிலும் 'நடக்குமோ' என்ற ஊசலாட்டம் உடம்பை அதிகம் வாட்டுகிறது.

அந்த ஊசலாட்டத்தில் தூக்கமும் போகிறது. இரவு இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வாசல் படியில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, வாட்ஸ்அப் குழுவில் ஏரி மட்டத்தைத் தேடுவது, திரும்பிப் படுத்தும் கண் மூடாமல் கிடப்பது. ஓர் இரவுத் தூக்கத்தைப் பறித்தால் மூளைக்கு என்ன ஆகிறது என்பதை 2007-இல் மேத்யூ வாக்கர் குழுவினர் படமெடுத்தார்கள். துயரமான படங்களைக் காட்டியபோது, தூங்காதவர்களின் அமிக்டலா தூங்கியவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பகுதிக்கு முன்நெற்றிப் புறணி என்று பெயர். சொல்ல வந்ததை விழுங்கவும், பத்து நொடி பொறுக்கவும், 'இது பையன் தப்பில்லை' என்று யோசிக்கவும் உதவுவது இதுவே. கட்டுப்படுத்த முடியாத மன அழுத்தம் வந்தால் நார்அட்ரினலினும் டோபமினும் அளவு மீறிச் சுரந்து இந்தப் புறணியைச் செயலிழக்கச் செய்கின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். பயம் மோட்டாரை ஓடவிடுவதோடு நிற்பதில்லை. வால்வில் கை வைத்திருக்கும் ஆளையும் அனுப்பிவிடுகிறது.

எப்போது அது நோய்?

மழைக்காலப் படபடப்பு மழையோடு போய்விட்டால் அது இயல்பான எச்சரிக்கை உணர்வு. வெயில் காலத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டால் கவனிக்க வேண்டும். அடக்க முடியாத கவலை ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மருத்துவர்கள் பொதுப்பதற்றக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதற்கு ஆறு அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது: நிலைகொள்ளாமை, சீக்கிரம் சோர்தல், கவனம் சிதறுதல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு. எரிச்சல் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் நம் ஊரில் "அவர் ஒரு முன்கோபி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பயந்தேன் என்று சொல்ல வெட்கப்படும்படி வளர்க்கப்பட்ட ஆண்களுக்குக் கோபம் ஒன்றுதான் அனுமதிக்கப்பட்ட மொழியாக இருக்கிறது. அவர்களுடைய பதற்றம் பதற்றமாக யார் கண்ணிலும் படுவதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினரைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அந்த வயதில் எந்நேரமும் சிடுசிடுத்தவர்கள் வளர்ந்த பிறகு மனச்சோர்வுக்கும் பொதுப்பதற்றக் கோளாறுக்கும் ஆளாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பள்ளி திறக்கும் நாள் காலையில் ஷூவைத் தூக்கி எறியும் குழந்தையைத் 'திமிர்' என்று அடிப்பதற்கு முன், அது எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டுவிட வேண்டும்.

எல்லாக் கோபத்துக்கும் பயம் காரணம் ஆகாது. அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் தேவையான கோபம். நீர்வழியை மறித்துக் கட்டியதைத் தட்டிக்கேட்கும் கோபம் அத்தகையது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தச் சர்க்கரை இறங்கினாலும், குறட்டையோடு மூச்சுத் திணறித் தூக்கம் கெட்டாலும் எரிச்சல் வரும். அவற்றை டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பயம் கோபத்துக்கு விளக்கம் ஆகலாம், கை நீட்டுவதற்கு ஒருபோதும் நியாயம் ஆகாது. அடிபடுகிறவருடைய பயமும் பயம்தான்.

என்ன செய்தால் தணியும்?

"மனசில் வைக்காமல் கத்தித் தீர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது பலருடைய நம்பிக்கை. ஆய்வுகள் இதை ஏற்கவில்லை. பிராட் புஷ்மன் 2002-இல், கோபமூட்டப்பட்டவர்களைக் குத்துச்சண்டைப் பையைக் குத்தவிட்டார். சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. 2024-இல் 154 ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோதும் அதே முடிவு வந்தது. உடல் எழுச்சியை இறக்கும் செயல்கள் கோபத்தைத் தணிக்கின்றன. மெதுவான மூச்சு, தசைத் தளர்வு, தியானம், யோகா எல்லாம் இதில் சேரும். பதற்றத்துக்கும் இதே பயிற்சிகள்தாம் உதவுகின்றன. பொது மோட்டாரை நிறுத்தினால் இரண்டு குழாயிலும் தண்ணீர் நிற்கிறது.

அடுத்தது, பயத்தைப் பயம் என்று வாய்விட்டுச் சொல்வது. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமான, மிரண்ட முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்வுக்குப் பெயரிட்டபோது அமிக்டலாவின் துள்ளல் குறைந்து, வலது முன்மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். "தண்ணி உள்ள வந்துடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று அப்பா சொல்லும் வீட்டில் வேலை நடக்கும். மகன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தானே எடுத்து மேலே வைப்பான், ஏனென்றால் எதற்காக என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் சிகிச்சை இருக்கிறது. சிந்தனைப் போக்கைச் சீராக்கும் பேச்சு சிகிச்சையும் மருந்துகளும் பதற்றக் கோளாறுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். 'டெலி மானஸ்' என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்; தமிழில் பேசலாம்.

ஆனால் மூச்சுப் பயிற்சியை மட்டும் மக்களிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது நேர்மையாகாது. பாறைக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று தெரியாமல் ஊசலாடியவர்கள்தாம் அதிகம் வாடினார்கள். மாவட்டம் முழுமைக்கும் சிவப்பு எச்சரிக்கை என்று சொன்னால் அந்த ஊசலாட்டம் குறைவதில்லை. அடையாற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர், ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குள் தண்ணீர் வரக்கூடும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று மக்களுக்கு நேரத்தோடு தெரிவித்தால் அவர்களுக்குத் தப்பிக்கும் வழி திறக்கிறது. வழி திறந்த பயம் பாய்வதில்லை. அடையாற்றை ஆழப்படுத்துவதாலும் கால்வாய் வெட்டுவதாலும் எத்தனை வீடுகள் மூழ்காமல் தப்பும் என்று அரசு கணக்கிடுகிறது. அந்த வீடுகளுக்குள் எத்தனை குழந்தைகள் திட்டும் அடியும் வாங்காமல் தப்புவார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.